நாற்பத்து மூன்று பேர் பார்த்த என் சாவு

1

வருகிற கார்த்திகை மூன்றாம் வாரத்தோடு நான் செத்து ஒரு வருடம் ஆகிறது. இதைக் கொண்டாடுவதா அனுசரிப்பதா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மகள் தாரிணி கேக் செய்கிறேன் என்கிறாள். மனைவி ஜெயந்தி, இந்தப் பேச்சை எடுத்தாலே, "வேற நல்ல பேச்சே கெடையாதா ஒங்களுக்கு" என்று எழுந்து போய்விடுகிறாள்.

என் பெயர் முத்துராஜ். சொந்த ஊர் ஏரல். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் பதினோரு வருடம் கண்டெய்னர்களை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, டென்மார்க்கில் ஒரு துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தேன். இங்கேயும் கண்டெய்னர்களைத்தான் எண்ணுகிறேன். அங்கே எண்ணும்போது வேர்க்கும், இங்கே மூக்கு ஒழுகும். வேறு பெரிய வித்தியாசம் இல்லை என்று ஊர்க்காரர்களிடம் சொல்வேன். அவர்கள் நம்புவதில்லை.

என் சாவுக்குக் காரணம் ஒரு வீடியோ. அந்த வீடியோவுக்குக் காரணம் என் அக்கா. அதனால் அக்காவிலிருந்து தொடங்குவதுதான் முறை.

2

அக்கா செல்வக்கனி என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஏரல் கடைத்தெருவில் அத்தான் தங்கப்பழமும் அவளும் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்கள். அத்தான் கல்லாவில் இருப்பார். கடையை நடத்துவது அக்கா.

அவர்களுக்கு ஒரே மகள், சுதா. நாலு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணைக் கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டி வர வேண்டியவன் தாய்மாமன். அவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் நான். என் குடியிருப்பு அனுமதியோ அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. அந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர ஒரு தனிக் கடிதம் வேண்டும். அதற்கு ஒரு படிவம். படிவத்தில் பயணத்தின் காரணமாக மூன்றே கட்டங்கள்: நெருங்கிய உறவினரின் நோய், நெருங்கிய உறவினரின் மரணம், சொந்தத் திருமணம்.

நான் மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில் நெருக்கி நெருக்கி எழுதினேன். இடம் போதாமல் தனியாக ஒன்றரைப் பக்கம் இணைத்தேன். தாய்மாமன் என்றால் யார், அவன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த டேனிஷ் மொழியில் விளக்கினேன். மரியாதையான பதில் வந்தது. "மணமக்கள் இருவரில் நீங்கள் யார் என்பதைத் தெளிவுபடுத்தவும்."

"இருவரும் இல்லை. ஆனால் நான் இல்லாமல் அது நடக்காது" என்று எழுதினேன்.

நான் இல்லாமல் அது நடந்தது. அனுமதிக் கடிதம் ஒன்பது நாள் கழித்து, 'உங்களுக்கு ஒரு நல்ல செய்தி' என்ற தலைப்போடு வந்தது. பழியை முழுக்க அலுவலகத்தின் மேல் போட்டுவிட முடியாது. படிவத்தைக் கடைசி வாரம் வரை மேசையில் வைத்துக்கொண்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவன் நான்தான்.

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. போனில் என் பெயர் வந்தால் எடுத்து அத்தானிடம் நீட்டிவிடுவாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கூப்பிட்டுத் திட்டக்கூட ஆள் இல்லாமல் மூன்று வருடம் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

3

போன வருடம் புரட்டாசியில் அத்தான் கூப்பிட்டார்.

"மாப்ளே, கடையில ஒரு டிவி மாட்டியிருக்கேன். போன்ல வாரதெல்லாம் அதுல தெரியும். நீ அங்கன என்ன பண்ணுதே, ஏது பண்ணுதேன்னு எடுத்துப் போடேன். கடையில கூட்டம் நிக்கும்."

"அக்கா பாப்பாளா அத்தான்?"

"பாக்க மாட்டா. ஆனா அவ நின்னு பொட்டலம் கட்டுத எடத்துக்கு நேர் எதிரதான் மாட்டியிருக்கேன்."

அத்தான் அதிகம் பேசாத மனிதர். சொல்ல வேண்டியதை எங்கே ஆணி அடிக்கிறார் என்பதிலேயே சொல்லிவிடுவார்.

தாரிணிக்குப் பதினைந்து வயது. அவள் பேசுவதில் பாதி டேனிஷ், கால் ஆங்கிலம், மிச்சம் தமிழ். தமிழ் வாசிக்கத் தெரியாது. அவளிடம் கேட்டேன். "அப்பா, உன் நாள் ரொம்ப போர். ஆனா போர் இப்ப நல்லா ஓடுது" என்று சொல்லி எனக்கு வீடியோ போட இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தாள்.

முதல் வீடியோவில் குப்பையைப் பிரித்தேன். காகிதம், அட்டை, கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக், மிஞ்சிய சோறு என்று ஒவ்வொன்றையும் அதனதன் தொட்டியில் போட்டேன். நாற்பத்து மூன்று பேர் பார்த்தார்கள். அத்தனை பேரும் கடைத்தெருக்காரர்கள். 'அண்ணாச்சி, வேலை போயிட்டா?' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'முனிசிபாலிட்டில பெர்மனென்ட்டா?' என்று இன்னொருவர் அக்கறையாக விசாரித்திருந்தார்.

இரண்டாவது, அலுவலகத்தில் மதியச் சாப்பாடு. கறுப்பு ரொட்டியின் மேல் சாளைக்குச் சொந்தக்கார மீன் ஒன்று, வினிகரிலும் சீனியிலும் ஊறியது. அதைக் கடித்துக்கொண்டே பேசினேன். இதற்குத் தூத்துக்குடியின் மீனவர் பகுதியான திரேஸ்புரத்திலிருந்து பதில் வந்தது. எழுதியவன் பொனிபாஸ். என் பழைய துறைமுக அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரன். இப்போது தூத்துக்குடியில் பிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். 'மீனுக்குச் சீனி போட்டவனையும் அதத் தின்னவனையும் கடலோரத்துலயே விடக் கூடாது' என்று எழுதியிருந்தான். அதற்கு முப்பது பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். என் வீடியோவுக்குப் பதினொன்று.

அப்புறம் பனியில் சைக்கிள், சாவி இல்லாமல் வெளியே நின்றது, பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசாதது என்று வாரத்துக்கு இரண்டு போட்டேன். எல்லாவற்றிலும் உச்சியில் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி போட்டிருப்பேன். குளிர் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு வாரமும் அத்தானிடம் ஒரே கேள்விதான் கேட்பேன். அக்கா பார்த்தாளா? ஒவ்வொரு வாரமும் இல்லை என்பார். ஐப்பசி கடைசியில்தான் கொஞ்சம் மாற்றிச் சொன்னார்.

"பாக்கலன்னுதான் சொல்லுதா. ஆனா நீ டிவியில வார நேரம் மல்லி கேட்டவங்களுக்குச் சீரகத்தக் கட்டிக் குடுத்துருதா. நேத்து மூணு பேரு திரும்ப வந்துட்டாங்க."

அன்றைக்கு அலுவலகத்தில் என்னை அறியாமல் விசில் அடித்திருக்கிறேன். மேலாளர் வந்து எல்லாம் நலமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

4

மேலாளரின் கேள்வி அத்தோடு முடியவில்லை. விசில் அடிக்கிற ஊழியருக்கு மன அழுத்தம் இருக்கலாம் என்று அலுவலகம் முடிவு செய்து, கார்த்திகையில் என்னை ஒரு தீவுக்கு மூன்று நாள் மன அமைதிப் பயிற்சிக்கு அனுப்பியது. போனதும் போனை வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள்.

நான் கிளம்பிப் போன அன்றே, வாரக் கணக்கு தவறக் கூடாது என்று தாரிணி தானே ஒரு வீடியோ எடுத்தாள்.

எங்கள் வீட்டுச் சுவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வாடகை வீடு. புதிதாக ஓர் ஆணி அடிக்கக் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். கூடத்தில் அனுமதி பெற்ற ஆணி ஒன்றுதான். அதில் என் போட்டோ மாட்டியிருந்தது. வேலையில் சேர்ந்தபோது எடுத்ததை, பத்து வருடம் ஆனதற்காக முந்தின வாரம்தான் இங்குள்ள அலுவலகம் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தது. கூடவே வெள்ளைப் பூங்கொத்து ஒன்றும் கொடுத்தார்கள். அதை ஜெயந்தி போட்டோவுக்குக் கீழே இருந்த மேசையில் வைத்திருந்தாள். டிசம்பர் வந்தால் இங்கே வீட்டுக்கு வீடு சின்ன விளக்குச் சரம் தொங்கவிடுவார்கள், மெழுகுவத்தி ஏற்றுவார்கள். தாரிணியும் தொங்கவிட்டாள். எங்கே தொங்கவிடுவாள்? இருப்பது ஒரு ஆணி. சரம் என் போட்டோவைச் சுற்றி மாலையாக விழுந்தது. கீழே மெழுகுவத்தி. பக்கத்தில் ஒரு தட்டில் ஆரஞ்சும் பிஸ்கட்டும்.

அவள் அழகுணர்ச்சி உள்ள பெண். வீடியோவைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினாள். வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகள், ஜன்னலில் மழை, வெள்ளைச் சட்டையோடு தலையைக் குனிந்து நிற்கும் அம்மா (வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்), கடைசியில் மெதுவாக என் போட்டோ. பின்னணியில் ஒற்றைப் பியானோ. தலைப்பு ஒன்றும் எழுதவில்லை. ஒரு மெழுகுவத்திப் படம் மட்டும் போட்டாள்.

இதை ஏரல் கடைத்தெருவில் காலை பத்து மணிக்கு, பேச்சோ எழுத்தோ எதுவும் இல்லாமல், டிவியில் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாரிணிக்குத்தான் பிறகு விளக்க வேண்டியிருந்தது. சுவரில் மாலையோடும் விளக்கோடும் தனியாக ஒருவன் போட்டோ இருந்தால் அவன் உயிரோடு இல்லை என்பது நம் ஊரில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். இங்கே பிறந்த குழந்தைக்கு அது அலங்காரம்.

5

ஊரிலிருந்து எல்லோரும் கூப்பிட்டிருக்கிறார்கள். என் போன் மரப்பெட்டியில் இருந்தது. ஜெயந்தி முதியோர் இல்லத்தில் பணியில் இருந்தாள், அங்கே அலமாரியில் வைத்த போனை மறந்து விட்டு வந்து, அடுத்த பணிக்குப் போனபோதுதான் எடுத்தாள். தாரிணி அழைப்பை எடுப்பதே இல்லை. முன்கூட்டி எழுதிக் கேட்காமல் ஒருவரைக் கூப்பிடுவது அவள் தலைமுறையில் அத்துமீறல்.

அவள் கருத்துகளைப் பார்த்தாள். கும்பிட்ட கைகள், பூக்கள், அழுகிற முகங்கள். நம் வீடியோ ஒருவரை அழ வைக்கும் அளவுக்கு வந்துவிட்டதே என்று பூரித்துப்போய், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு இதயம் போட்டாள். எங்கிருந்தோ 'நன்றி' என்ற சொல்லை நகல் எடுத்து நாற்பத்து மூன்று பேருக்கும் ஒட்டினாள். கேள்விக்குறி இருந்த ஒன்றை மட்டும் மொழிபெயர்த்துப் பார்த்தாளாம். அது அத்தான் எழுதியது. 'வீட்ல கூட யாரு இருக்கா?'

'நானும் பூனையும்' என்று பதில் போட்டிருக்கிறாள்.

அதைப் படித்துவிட்டுத்தான் அத்தான் ஷட்டரைப் பாதி இறக்கினாராம்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லுகிறார்கள். கடை வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டது உண்மை. திதியைக் கணக்கிட டென்மார்க் நேரத்தை எடுப்பதா, ஏரல் நேரத்தை எடுப்பதா என்று இரண்டு மணி நேரம் விவாதம் நடந்ததும் உண்மை. உயிர் பிரிந்தது அங்கே, துக்கம் இங்கே, அதனால் துக்கத்தின் நேரம்தான் கணக்கு என்று தீர்ந்ததாம். பொனிபாஸ் செய்தி கேட்டு அழுதுகொண்டே பத்தடிக்கு எட்டடியில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடித்து, அன்று மத்தியானமே ஆட்டோவில் கொண்டுவந்து பஸ் நிறுத்தத்தில் கட்டினான். சுவர்ப் போட்டோவை விளக்குச் சரம் மறைத்திருந்ததாலும், வேறு நல்ல போட்டோ கிடைக்காததாலும் மீன் சாப்பிட்ட வீடியோவிலிருந்து எடுத்திருந்தான். மேகங்களுக்கு நடுவில், குஞ்சம் வைத்த தொப்பியோடு, ஒரு கன்னம் உப்பிக்கொண்டு, வாயோரத்தில் மீன் வாலுடன் நான் மறைந்துவிட்டேன். இரண்டு பக்கமும் புறா.

மூன்று நாள் பயிற்சி முடிந்து, நாலாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்து போனைக் கொடுத்தார்கள். மனம் உண்மையிலேயே அமைதியாக இருந்தது. முதலில் கண்ணில் பட்டது, யாரோ அனுப்பியிருந்த அந்த பிளெக்ஸின் படம்.

ஒரு மனிதன் தன் கண்ணீர் அஞ்சலியைப் பார்த்தால் பயப்பட வேண்டும். நான் பெரிதாக்கி, கீழே சின்ன எழுத்தில் இருந்த பெயர் வரிசையைத்தான் படித்தேன். முதல் பெயர்: 'அன்பு அக்கா செல்வக்கனி.' மற்ற பெயர்களைப் படிக்கவில்லை. படகுத்துறையில், பயிற்சி முடித்த டேனிஷ்காரர்களுக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதேன். பயிற்சியாளர் வந்து என் தோளைத் தட்டி, "வெளியே வரட்டும், நல்லது" என்றார்.

6

அத்தானைக் கூப்பிட்டேன்.

"அத்தான், நான் முத்துராஜ்."

"யாருலே அது? செத்த வீட்ல என்ன வெளாட்டு?" வைத்துவிட்டார்.

வீடியோ அழைப்பில் கூப்பிட்டேன். அதில் வேறு சிக்கல். மூன்று நாளாகக் கடை டிவியில் என் பழைய வீடியோக்களைத்தான் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறார்கள், என் நினைவாக. எனவே என் முகம் டிவியில் தெரிந்ததும் பந்தலில் இருந்தவர்கள் இன்னொரு பழைய வீடியோ என்று அமைதியாக உட்கார்ந்து பார்த்தார்கள். "நான் சாகல, உயிரோட இருக்கேன்" என்று கத்தினேன். "பாவம், எப்படி வாய் நெறையப் பேசுதான் பாரு" என்று ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார். நேரலை என்று எதைக் காட்டி நிரூபிப்பது? கையை ஆட்டினேன். எல்லா வீடியோவிலும் நான் கையை ஆட்டித்தான் இருக்கிறேன்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அத்தான் கையிலிருந்த போனைப் பிடுங்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, மூன்று வருடத்துக்குப் பிறகு என்னோடு பேசினாள்.

"ஏலே, தொப்பியக் கழட்டு."

தொப்பியைக் கழற்றினேன். அதை எந்த வீடியோவிலும் நான் கழற்றியதில்லை. ஊரை விட்டு வரும்போது எனக்கு நல்ல சுருட்டை முடி. இந்த ஊர் வந்த பிறகு அது மெல்ல மெல்லப் போய்விட்டது. அதை மறைக்கத்தான் தொப்பி.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முடியெல்லாம் எங்கலே?"

"கொட்டிப் போச்சுக்கா."

"எண்ணெ வைக்கியா இல்லியா?"

"இல்லக்கா."

"நெனச்சேன்." அவ்வளவுதான் சொன்னாள். பந்தலில் ஒரு சலசலப்பு எழுந்து, யாரோ முதலில் சிரித்து, யாரோ பொனிபாஸை அடிக்கப் போய், நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அக்கா போனோடு உள்ளே போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"கல்யாணத்தன்னைக்கு வந்தவங்கல்லாம் எங்க தம்பி எங்க தம்பின்னு கேட்டாங்க. எனக்குத் தம்பியே கெடையாதுன்னு சொல்லிட்டேன்லே. ஒருத்தர்ட்ட இல்ல, மண்டபம் பூராச் சொன்னேன். மூணு நாளா அதத்தான் நெனச்சிட்டுக் கெடக்கேன். என் வாயி பலிச்சிட்டு, நாந்தான் ஒன்னக் கொன்னுட்டேன்னு."

"நான் வந்திருக்கணும்க்கா. அந்தப் படிவத்த நான்தான் மேசையில போட்டு வச்சிருந்தேன்" என்றேன். இதை மூன்று வருடம் முன்பே சொல்லியிருக்கலாம். அலுவலகத்தின் மேல் பழி போட்டே பேசிக்கொண்டிருந்தேன்.

"தெரியும்" என்றாள். "ஜெயந்தி அப்பமே சொல்லிட்டா." மூக்கைச் சிந்திவிட்டு, "செத்துட்டான்னு செய்தி வந்தா ஆயுசு கூடும்பாங்க. கெட்டியாத்தான் கெடப்ப" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

7

அந்த வீடியோவைத் தாரிணி நீக்கிவிட்டாள். அன்றைக்கு முழுதும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். சாயங்காலம் வந்து, "அப்பா, அவங்க எல்லாருக்கும் நான் இதயம் போட்டேன்" என்று தேம்பினாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தமிழ் எழுத்தை ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்காத என் மேல்தான் வந்தது. இப்போது சனிக்கிழமைகளில் உட்கார்ந்து படிக்கிறோம். அவளாக எழுத்துக்கூட்டி வாசித்த முதல் முழு வாக்கியம் என் கண்ணீர் அஞ்சலிதான். போனில் இருந்த அந்த பிளெக்ஸ் படத்தைப் போலப் பெரிய எழுத்தில் தமிழ் வேறு எதுவும் வீட்டில் இல்லை.

என் பக்கத்தையும் மூடிவிட்டேன். நாற்பத்து மூன்று பேருக்கும் வருத்தம். பொனிபாஸ் மட்டும் இன்னும் வெட்கப்பட்டுக்கொண்டு, என் அடுத்த சாவுக்கு இலவசமாக அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். நல்ல போட்டோ ஒன்றை முன்கூட்டியே அனுப்பி வைக்கச் சொன்னான். அனுப்பியிருக்கிறேன்.

அக்கா தினமும் காலையில் வீடியோவில் கூப்பிடுகிறாள். எனக்கு ஏழு மணி, அவளுக்குப் பதினொன்றரை. அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

"இருக்கியாலே?"

"இருக்கேன்க்கா."

"சரி."

உடனே வைத்துவிடுவாள். முதல் வாரத்தில் நான் எதையோ மேற்கொண்டு பேசப் போனேன். "நான் ஒன்னோட பேசுதேன்னு நெனைக்காத. உயிரோட இருக்கியான்னு பாக்குதேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து நானும் வாயைத் திறப்பதில்லை. ஒரு வருடமாக இதே மூன்று வரிதான். பண்டிகை நாளிலும் அதே மூன்று வரி.

இன்று காலையும் கூப்பிட்டாள். இருக்கியாலே என்றாள், இருக்கேன் என்றேன், சரி என்றாள். போனைத் தராசுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். கடையின் மின்விசிறி தெரிந்தது. அதற்குக் கீழே அவள் கை வந்து வந்து போனது, பருப்பை அள்ளி, நிறுத்து, தாளை மடித்து, நூலைச் சுற்றி. யாரோ கால் கிலோ மல்லி கேட்டார்கள். மழை விட்டுட்டா என்று அத்தான் கேட்டார், விட்டுட்டு என்றாள். ஒரு தடவை குனிந்து நான் இருக்கிறேனா என்று போனைப் பார்த்தாள். திரும்பப் பொட்டலம் கட்டப் போய்விட்டாள்.

நான் அலுவலகத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதம் என்று எழுதிப் போட்டுவிட்டு, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். போனை அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்றாள் ஜெயந்தி. இல்லை. அழைப்பைத் துண்டிக்க அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.